பச்சைத் தூள் படிந்த தாள்

ஒரு நல்ல மனிதரின் கையில் விஷம் இருக்கிறது என்று ஒரு தேயிலைத் தோட்டம் முழுவதையும் நான் நம்ப வைத்தேன். அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். அதற்கான சான்று ஒரு தாளாக மடிக்கப்பட்டு, என் மருந்துப் புத்தகத்தின் நடுவில் இருந்தது. பதினான்கு மாதங்கள் அதை நான் வெளியே எடுக்கவில்லை.

தோட்ட வைத்தியசாலைகளில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அந்த வேலையில் இருக்கும் இளைஞர்கள் சிலர் பழைய அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். பிரசவங்களையும் கொக்கிப்புழுவையும் பற்றி எழுதுவேன் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போன மாதம் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் பெண்களுக்குக் காளான் வளர்க்கக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்தேன். பொலித்தீன் பைகளில் விதையை அடைத்து வைத்திருந்தார்கள். "விதை எப்படி வருதுன்னு நீங்க யோசிக்க வேணாம், பைய வாங்கினா போதும்" என்று கற்பித்த பெண் சொன்னாள். நான் வெளியே வந்து பஸ் நிலையத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த விதை எப்படி வருகிறது என்பதை நான் யோசிக்காத நாள் குறைவு.

என் அப்பா இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். என்னை ஹட்டனில் ஆங்கிலப் பள்ளியில் படிக்க வைத்தார். நாடு சுதந்திரம் பெற்ற வருடம் கொழும்பில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திட்டு வாங்கினேன், தேறினேன், வட்டவளைக்கு அருகே ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

வைத்தியசாலை என்பது இரண்டு அறையும் ஒரு விறாந்தையும். மருந்து கொடுக்கும் அறைக்கு வெளியே பார்த்தபடி ஒரு சின்ன ஜன்னல் உண்டு. மருந்துத் தண்ணீர் வேண்டுமென்றால் போத்தலை அவரவரே கொண்டுவர வேண்டும். சாராயப் போத்தல், எண்ணெய்ப் போத்தல், எதுவானாலும் கழுவி, தக்கையோடு கொண்டுவர வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அதனால் ஜன்னலுக்கு வருகிறவர்கள் போத்தலை நீட்டி, "ஐயா, இது ஆகுமாங்க?" என்று கேட்பார்கள். நான் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே போத்தலை ஒரு பார்வை பார்த்து, "ஆகும்" என்பேன். நாளொன்றுக்கு ஐம்பது அறுபது முறை அந்தச் சொல்லைச் சொல்வேன். ஜன்னல் தாழ்வாக இருந்ததால் எனக்குத் தெரிவது பெரும்பாலும் கைகள்தான். முகம் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். நான் குனிவதில்லை.

எனக்கு மேலே ஒரு டாக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பல தோட்டங்களைப் பொறுப்பாகப் பார்த்தவர், பதினைந்து நாளைக்கு ஒரு முறை தன் சின்னக் காரில் வருவார். தோட்டத்து ஆட்களுக்கு நான் டாக்டரய்யா, அவர் பெரிய டாக்டர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நோயாளியின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டியின் நுனியால் துடைப்பார். துடைத்துக்கொண்டே என்னிடம் மூன்று கேள்விகள் கேட்பார்.

"என்ன கண்டனீர்? எப்ப கண்டனீர்? எங்கை எழுதி வைச்சனீர்?"

எந்த நோயாளியானாலும் இந்த மூன்றுதான். "காய்ச்சல் போலிருந்தது, ஐயா" என்று ஒரு தடவை சொன்னேன். "போலை எண்டதை விடும். கண்டதைச் சொல்லும்" என்றார். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல் காத்திருப்பார். நான் புத்தகத்தைத் திறந்து எழுதிக் காட்டிய பிறகுதான் மாட்டுவார். அவரிடமிருந்துதான் நான் வேலையைக் கற்றேன். அதனால்தான் அவரிடம் சொன்ன பொய் இன்றைக்கும் உறுத்துகிறது.

இருளப்பனுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவர். அவருடைய லயம், காம்பரா எனப்படும் ஒற்றை அறைகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பு, தொழிற்சாலைச் சுவரை ஒட்டியிருந்தது. கடைசிக் காம்பரா அவருடையது. சுவரின் அந்தப் பக்கத்தில் அடுப்பு எரிவதால் இந்தப் பக்கம் எப்போதும் கதகதப்பாக இருக்கும். மாட்டுக்குப் போட்ட வைக்கோலில் மிச்சத்தை அவர் மனைவி செல்லாயி அந்தச் சுவரோரம் கொட்டிவைப்பாள். மழைக்காலத்தில் அதில் காளான் முளைக்கும். சாம்பல் நிறத்தில், முட்டை மாதிரித் தொடங்கி, உறை கிழிந்து குடையாக விரியும்.

ஒரு நாள் அவர் ஒரு பழைய வேட்டித் துண்டோடு என்னிடம் வந்தார். விரிந்த காளானைத் துணியில் வைத்திருந்தாராம். காலையில் பார்த்தால் துணியில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் படிந்திருந்தது.

"ஐயா, இந்தத் தூளுதாங்களா வெத?"

பள்ளியில் தாவரவியல் படித்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. அதைக் காட்ட அதுவரை யாரும் இடம் கொடுக்கவில்லை. அன்றைக்கே ஒரு விரிந்த காளானின் காம்பை நறுக்கி, தொப்பியை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கண்ணாடித் தம்ளரால் மூடிவைத்தேன். மறுநாள் எடுத்தபோது வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி, மெல்லிய கோடு கோடாக இளஞ்சிவப்புத் தூள் படிந்திருந்தது. ஒவ்வொரு இனத்துக்கும் தூளின் நிறம் வேறு என்று அவருக்கு விளக்கினேன். வெள்ளை, பழுப்பு, கறுப்பு, இது இளஞ்சிவப்பு. அவர் அந்தத் தாளை மூச்சுப் படாமல் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

விதை தயாரிக்க எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது. குரக்கன் எனும் கேழ்வரகை அரைவேக்காடாக அவித்து, ஈரம் போக உலர்த்தி, மருந்துப் போத்தல்களில் பாதியளவு போட்டுப் பஞ்சால் அடைத்தேன். ஊசிகளையும் கத்திகளையும் அவிக்கும் பாத்திரத்தில் அந்தப் போத்தல்களை நிறுத்தி, இரண்டு மணி நேரம் ஆவியில் வைத்தேன். ஆறிய பிறகு, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, ஸ்பிரிட் விளக்கில் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, அதன் நுனியால் தூளைத் தொட்டுக் குரக்கனில் உதறினேன். முதல் முறை எல்லாம் கறுப்புப் பூஞ்சணம். இரண்டாம் முறை பச்சை. மூன்றாம் முறை ஒரு போத்தல் மட்டும் வெள்ளையாகப் பஞ்சு கட்டியது, அதையும் எறும்பு தின்றது. என் மூச்சுதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் இருளப்பன்.

"ஐயா, நீங்க பேசிக்கிட்டே போடுறீங்க. வாயக் கட்டுங்க."

ஒரு கைக்குட்டையால் வாயைக் கட்டினேன். ஆறு போத்தலில் ஐந்து வெள்ளையாக வந்தது.

அதற்குமேல் எல்லாம் அவர் வேலை. கீழே நெல் விளையும் நாட்டுப் பக்கத்துச் சிங்கள வண்டிக்காரரிடம் நல்ல வைக்கோல் வாங்குவார். ஒரு பகல் முழுக்க ஊறவைப்பார். பிறகு கொதிநீர் ஊற்றி வடியவிடுவார். கைப்பிடி கைப்பிடியாக முறுக்கி அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு ஓரத்தில் விதையையும் கொஞ்சம் கொள்ளு மாவையும் தூவுவார். சாக்கால் மூடுவார். பிழிந்தால் சொட்டக்கூடாது, ஆனால் கை நனைய வேண்டும், அதுதான் ஈரத்துக்கு அவருடைய அளவு. பன்னிரண்டாம் நாள் சாக்கைத் தூக்கினால் ஊசித் தலைகள் மாதிரி வெள்ளை மொட்டுகள். அவர் அதை விற்கவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கும், என்னிடம் மருந்து வாங்கி உடம்பு தேறி வருகிறவர்களுக்கும் கொடுத்தார். லயத்தில் எந்த வீட்டிலும் அவரைக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். ஆட்கள் எனக்கும் ஒரு பெயர் வைத்தார்கள், காளான் டாக்டரு. அந்தப் பெயரை நான் ரசித்தேன்.

அந்தப் பெயரால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஞாயிறுகளில் காலையில் மட்டும் ஜன்னலைத் திறப்பேன். இருளப்பனின் லயத்திலேயே இருந்த மருதாயி, மாமனாரின் இருமலுக்கு மருந்து வாங்க வந்தாள். அவளுடைய ஒரு கையில் போத்தல். மற்றக் கையில் ஒரு கூடை இருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

"ஐயா, இது ஆகுமாங்க?"

போத்தலைப் பார்த்தேன். கழுவியிருந்தது. "ஆகும்" என்றேன். மருந்தை ஊற்றி, சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். அவள் போய்விட்டாள்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு ஆள் ஓடிவந்தது. நான் மருதாயியின் காம்பராவுக்குள் நுழைந்தபோது அவள், கணவன், மாமனார், ஐந்து வயதுப் பெண் பிள்ளை தெய்வானை, நான்கு பேரும் வாந்தியும் கழிச்சலுமாகக் கிடந்தார்கள். அடுப்பங்கரையில் கறிச் சட்டி இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கூடை, அதில் சமைக்காமல் மிஞ்சிய மூன்று காளான்கள். பெரிய வெள்ளைத் தொப்பி, மேலே பழுப்புச் செதில், காம்பில் மோதிரம் மாதிரி ஒரு வளையம். இருளப்பனின் காளானுக்கு வளையம் கிடையாது. இது பந்தடிக்கும் புல்வெளியில் மழைக்கு முளைப்பது. கூடையை ஒட்டி, அன்று காலை நான் சீட்டு ஒட்டிக் கொடுத்த போத்தல் நின்றது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் போத்தலைப் பற்றிக் கேட்கவில்லை, கூடையிலிருந்த காளானைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்.

பெரியவர்களுக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து மிச்சத்தையும் வாந்தியெடுக்க வைத்தேன். கரித்தூளைக் கரைத்துக் கொடுத்தேன். பிள்ளைதான் பயமுறுத்தியது. கண் குழிந்துவிட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. நாடி விரலுக்குக் கீழே நூல் மாதிரி ஓடி, இடையிடையே காணாமல் போனது. வைத்தியசாலைக்குத் தூக்கி வந்து இரண்டு தொடையிலும் தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றினேன். தோட்டத்து லொறி தயாராவதற்குள் தேக்கரண்டி தேக்கரண்டியாக வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி வரை லொறியின் பின்னால் அவளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் அவள் "தண்ணி" என்று தானாகக் கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் நன்றி சொல்கிறேன். நான்கு பேரும் பிழைத்தார்கள்.

புறப்படுமுன், பழக்கத்தால், மிஞ்சிய காளான் ஒன்றின் தொப்பியை வெள்ளைத் தாளில் கவிழ்த்துத் தம்ளரால் மூடியிருந்தேன். திங்கள் காலை அதைத் தூக்கினேன். பச்சைத் தூள். பாசி படிந்த கல்லின் பச்சை. இளஞ்சிவப்பின் சாயலே இல்லை.

ஆனால் அதற்குள் லயம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. காளான் சாப்பிட்டு விழுந்தார்கள், காளான் கொடுக்கிறவர் இருளப்பன். இரண்டு நாளுக்கு முன் மருதாயிக்கு அவர் கொடுத்ததைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். பதினொரு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். கூடவே தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன கண்டனீர்?"

உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி எப்படி வருமென்று தெரியும். புல்வெளிக் காளான் என்றால், அவள் யாரையும் கேட்காமலா சமைத்தாள்? கேட்டாள். யாரைக் கேட்டாள்? எனக்குத் திருமணமாகி நான்கு மாதம். வேலை போனால் வீடும் போகும்.

"காளான் கறி, ஐயா. வைக்கோலில் வளர்த்த காளான்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். தாள் அப்போதே மடிந்து புத்தகத்துக்குள் போயிருந்தது.

அன்று மாலைக்குள் இருளப்பனின் வைக்கோல் அடுக்கையெல்லாம் தொழிற்சாலை அடுப்பில் போட்டார்கள். அவர் கையாலேயே போட வைத்தார்கள். அடுத்த நாள் அவரையும் செல்லாயியையும் தோட்டத்தின் மேல் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு, சரிவில் மழைநீர் வடியக் கான் வெட்டும் வேலை. மேல் பிரிவு குளிரும் காற்றும் உள்ள இடம். போகுமுன் என் ஜன்னலுக்கு வந்தார். போத்தல் கொண்டுவரவில்லை. ஜன்னலில் கையும் வைக்கவில்லை, குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க படிச்சவங்க. நெசத்தச் சொல்லுங்க. எந் தூளுல வெசம் ஏறிப்போச்சுங்களா?"

அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. தன்னைத்தான் சந்தேகித்தார். "இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"இருக்கலாம்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த குற்றம் எதுவென்று கேட்டால், டாக்டரிடம் சொன்ன பொய்யைவிட இதையே சொல்வேன்.

ஒரு வாரம் கழித்து மருதாயி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். துரையின் ஆட்கள் கேட்டதற்கு, காளான் எங்கே கிடைத்ததென்று நினைவில்லை என்று சொல்லிவிட்டாள். என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டு, பிள்ளையை என் காலில் விழ வைத்தாள். அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது என்று அந்த நிமிடமே தெரிந்துகொண்டேன்.

பதினான்கு மாதம் ஓடியது. ஆகும் என்று சொல்வதை நிறுத்தினேன், தலையை மட்டும் ஆட்டினேன். மேல் பிரிவிலிருந்து செய்திகள் வரும். செல்லாயி கொடுத்தால் அக்கம்பக்கத்தில் தண்ணீர்கூட வாங்குவதில்லையாம். இருளப்பனுக்குப் பெயரே வைத்துவிட்டார்களாம், நஞ்சுக்கை. கோயில் திருவிழாவில் எல்லோரும் சேர்ந்து சமைத்தபோது இருளப்பன் தானாகவே விலகி விறகு மட்டும் உடைத்துப் போட்டாராம்.

ஒரு நாள் அவரைத் தூக்கி வந்தார்கள். கான் வெட்டும்போது மண்வெட்டி பாதத்தில் இறங்கியிருந்தது. கழுவினேன். மண்ணை ஒவ்வொரு துகளாக எடுத்தேன். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஏழு தையல் போட்டேன். அவர் அசையவில்லை. முடிச்சுப் போடும்போது நூல் வழுக்கியது. நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ளும்படி பழக்கத்தில் அவரிடம் சொன்னேன், முன்பு பஞ்சு அடைக்கும்போது போத்தலைப் பிடிக்கச் சொல்வது மாதிரி. அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாங்கய்யா. புண்ணுல எங் கை பட வேணாம்."

தையலை முடித்தேன். கட்டுப் போட்டேன். அவரை அனுப்பிவிட்டு உள்ளறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். தூள் கொஞ்சம் எதிர்ப் பக்கத்திலும் ஒட்டியிருந்தது. ஆனால் பச்சை அப்படியே இருந்தது.

பெரிய டாக்டர் வருவதற்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளில் மனைவி கமலத்திடம் மட்டும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். பெட்டியை எங்கே வைத்திருக்கிறோம் என்று கேட்டாள். வேலை போனால் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டுமே என்று தயாராகிவிட்டாள்.

டாக்டர் வந்ததும் தாளை மேசையில் விரித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், போத்தலையும், ஆகும் என்ற சொல்லையும், இருக்கலாம் என்ற சொல்லையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"என்ன கண்டனீர்?"

"பச்சைத் தூள், ஐயா."

"எப்ப கண்டனீர்?"

"பதினாலு மாசத்துக்கு முன்னால."

"எங்கை எழுதி வைச்சனீர்?"

"எழுதலை, ஐயா."

கண்ணாடியை அவர் மாட்டவில்லை. நான் பதிவுப் புத்தகத்தை எடுத்து, அன்றைய தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அவர் அதை வாசித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"துரையிட்டை நான் வாறன். ஆனா முதல் அந்த மனிசனிட்டைப் போம். அவருக்குத்தான் முதல் தெரிய வேணும்" என்றார். கார் வரை போனவர் திரும்பினார். "நானும் அண்டைக்கு மிச்சக் காளானைக் கேட்டுப் பாத்திருக்க வேணும். கேக்கேல்லை. அதையும் அதிலை எழுதும்."

அன்று மாலையே மேல் பிரிவுக்கு ஏறினேன். இருளப்பன் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தார். செல்லாயி உள்ளே இருந்தாள். தாளைக் காட்டினேன். நிறங்களைப் பற்றி அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன், விளக்க வேண்டியிருக்கவில்லை. பச்சையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீண்டும் பச்சையைப் பார்த்தார்.

"அப்ப எங் கையில ஒன்னும் இல்லீங்களா?"

"ஒன்னும் இல்ல. அன்னைக்கும் இல்ல."

அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து செல்லாயி வந்தாள். அவள்தான் பேசினாள். இந்தப் பதினான்கு மாதத்தில் தன் புருஷன் தனக்கு ஒரு வாய் ஊட்டியதில்லை என்றாள், காய்ச்சலில் கிடந்தபோதுகூட. வேறு என்னென்னவோ சொன்னாள். அவள் சொன்னது எல்லாம் எனக்குத் தகும். அவள் ஓய்ந்த பிறகு இருளப்பன் சொன்னார்:

"எங்கிட்ட சொன்னது போதாதுங்க. பெரட்டுல சொல்லுங்க."

பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பிரிக்க ஆட்களை நிறுத்தும் இடம். விடியும் நேரத்தில் தோட்டம் முழுவதும் அங்கே நிற்கும். மூன்றாம் நாள் காலை அங்கே போனேன். துரையிடம் டாக்டர் முன்பே பேசியிருந்தார். கம்பளியும் கூடையுமாக நின்றவர்களுக்கு முன்னால் நின்று சொன்னேன். அவர்களுடைய பேச்சிலேயே சொன்னேன். மருதாயி காட்டியதை நான் பார்க்கவில்லை, பார்க்காமலே ஆகும் என்றேன், அது புல்வெளிக் காளான், இருளப்பன் காளான் இல்லை, தெரிந்துகொண்டே மறைத்தேன். முடித்ததும் கூட்டத்தின் பின்னாலிருந்து மருதாயியின் மாமனார் குரல் வந்தது.

"அப்ப எனக்குக் குடுத்த இருமல் மருந்தாச்சும் பாத்துதான் குடுத்தீங்களா, டாக்டரய்யா?"

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு மூச்சு வந்தது. மருதாயி முன்னால் வந்தாள். தானும் தெரிந்தே பேசாமலிருந்ததாக அவளே சொன்னாள்.

"எம்புள்ளைய மடியில வச்சுத் தூக்கிட்டுப் போனவங்க. அவுங்க வாய் தொறக்காதப்ப நான் எப்புடித் தொறப்பேன்? ஆனாலும் தப்புதான், அண்ணே" என்று இருளப்பன் நின்ற பக்கம் கும்பிட்டாள்.

துரை எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். இரண்டு வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார். வேலை போகவில்லை. டாக்டர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. இருளப்பனை மறுபடி அடுப்புக்கு மாற்றினார்கள். பழைய காம்பராவும் கிடைத்தது.

ஆனால் அவருடைய காளானை யாரும் வாங்கவில்லை. விஷயம் புரிந்தது, வாய்தான் ஒப்பவில்லை. முதல் அடுக்கு முளைத்ததும் அவர் எனக்குச் சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பகல், லயத்து முற்றத்தில், எல்லோரும் பார்க்க நானும் கமலமும் உட்கார்ந்தோம். செல்லாயி சமைத்திருந்தாள். இருளப்பன் தன் கையாலேயே பரிமாறினார். மிளகு தூக்கலான குழம்பு. சாப்பிட்டோம். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை. சுற்றி உட்கார்ந்து எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டரு விழுந்தா யாருப்பா ஊசி போடுறது?" என்றார் மருதாயியின் மாமனார்.

"விழமாட்டாரு. ஏற்கனவே ரெண்டு வருசம் சம்பளம் கூடாத ஆளு, பாவம்" என்று யாரோ சொன்னார்கள்.

இரண்டு மணி நேரம் ஆனது. மூன்று மணி நேரம் ஆனது. வெயில் முற்றத்தைத் தாண்டிப் போனது. கமலம் தேத்தண்ணீர் கேட்டாள். அப்போது மருதாயியின் பிள்ளை தெய்வானை ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நேராக இருளப்பனிடம் போய் நின்றாள். அவர் மருதாயியைப் பார்த்தார். மருதாயி தலையசைத்தாள். அவர் பிள்ளைக்குப் பரிமாறினார். அதற்குப் பிறகு சட்டி எப்போது காலியானதென்று நான் பார்க்கவில்லை. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் பழையபடி ஆனது என்று சொல்லமாட்டேன். இருளப்பன் போத்தல் விதைக்கு மறுபடி என்னிடம் வரவில்லை. விரிந்த காளானைக் கழுநீரில் அலசி, அந்த நீரை வைக்கோலில் தெளித்துத் தானே வளர்த்துக்கொண்டார். விளைச்சல் குறைவுதான். ஆனால் அதில் என் கை இல்லை. அது நியாயம் என்று எனக்குப் பட்டது. ஜன்னலை ஒரு அடி உயர்த்திக் கட்டித் தரும்படி துரையிடம் கேட்டேன், செய்து கொடுத்தார்கள். அதன்பிறகு யார் "இது ஆகுமாங்க" என்று கேட்டாலும் தலையைத் தூக்கி, "எதும்மா?" என்று கேட்பேன். போத்தலைத் தவிர வேறொன்றும் இல்லாத கையைப் பார்த்தும் கேட்பேன். காளான் டாக்டரு போய், எதும்மா டாக்டரு என்று பெயரானது. வேண்டுமென்றே வெறுங்கையை நீட்டி, "ஐயா, இது ஆகுமாங்க?" என்று கேலி செய்துவிட்டு ஓடுகிற பெண்களும் இருந்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு இறம்பொடைப் பக்கம் மாற்றலானது. முதல் வருட மழைக்காலத்தில் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. வட்டவளை முத்திரை. உள்ளே, தேயிலை அடுப்பின் சூட்டில் சுக்காகக் காயவைத்த காளான். தேயிலை வாசம் அடித்தது. அதோடு, நான்காக மடித்த ஒரு வெள்ளைத் தாள். கடிதம் என்று நினைத்து விரித்தேன். இருளப்பனுக்கு எழுதத் தெரியாது என்பதை மறந்துவிட்டேன். தாளின் நடுவில் ஆரக்கால் ஆரக்காலாக ஒரு இளஞ்சிவப்பு வட்டம் மட்டும் படிந்திருந்தது.

அடுத்த வருடமும் வந்தது. அதற்கடுத்த வருடமும் வந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் அந்த வட்டம் இருந்தது. மருந்துப் புத்தகத்தில் அந்தத் தாள்களையெல்லாம் பச்சைத் தாளுக்கு மேலே வைத்துவந்தேன்.

அந்த முதல் பொட்டலம் வந்த அன்று, சமையலறையிலிருந்து கமலம் ஒரு கையில் காளானும் மற்றக் கையில் எண்ணெய்ப் போத்தலுமாக வந்து நின்றாள்.

"இது ஆகுமாங்க?"

"எது?" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே காளானை என் பக்கம் நீட்டினாள். நான் இளஞ்சிவப்பு வட்டம் படிந்த தாளை வெளிச்சத்தில் பிடித்து, அவளுக்கும் காட்டி, ஆகும் என்றேன்.